பழைய டீசல் எஞ்சினில் டர்போ: நீண்ட நேரப் பந்தயத்தில் வரும் கோளாறுகளும் அவற்றைப் பிடிக்கும் வழியும்

டர்போ இல்லாமல் வந்த பழைய டீசல் கார் எஞ்சினைப் பிரித்து, புதிதாகக் கட்டி, டர்போ மாட்டி, 12 மணி நேரமோ 24 மணி நேரமோ ஓட்டப் போகிறவர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை இது. நான் பேசுவது மெக்கானிக்கல் டீசல் பம்ப்பும் ப்ரீசேம்பரும் (டீசல் முதலில் எரியத் தொடங்கும் சிறு முன்னறை) உள்ள எஞ்சின்களைப் பற்றி. கம்ப்யூட்டர் கிடையாது, எரர் கோடும் வராது. புகை, சத்தம், மீட்டர் முள் இந்த மூன்றும்தான் சொல்லும்.

இந்த வகை எஞ்சினைக் குறைவாக நினைக்க வேண்டாம். 1978-ல் இத்தாலியின் நார்தோ பாதையில் மெர்சிடிஸ் சி111-3 கார் 12 மணி நேரம், சராசரி 300 கி.மீ.க்கு மேல் வேகத்தில் ஓடியது. அதில் இருந்தது 3 லிட்டர், ஐந்து சிலிண்டர் டீசல் எஞ்சின், அதோடு டர்போவும், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும். குடும்பக் காரில் வந்த ஓஎம்617 எஞ்சினின் வம்சம்தான் அது.

டீசலில் காற்றை அடைக்கும் த்ராட்டில் இல்லை. பம்ப் எவ்வளவு டீசல் தள்ளுகிறதோ அவ்வளவு சக்தி, அவ்வளவு சூடு. அந்த டீசலுக்குப் போதுமான காற்று வரவில்லை என்றாலோ, பிறந்த சூடு வெளியேற வழி இல்லை என்றாலோதான் கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை வருகின்றன. அதனால் எதைப் பார்த்தாலும் முதல் கேள்வி: காற்று எங்கே குறைந்தது? சூடு எங்கே தேங்கியது?

ஸ்பேனர் எடுக்கும் முன்

கூலன்ட் மீட்டரோடு இன்னும் நான்கு வேண்டும்: பூஸ்ட் (டர்போ அழுத்தித் தள்ளும் காற்றின் பிரஷர்), எக்ஸாஸ்ட் வெப்பநிலை, ஆயில் பிரஷர், ஆயில் வெப்பநிலை. எக்ஸாஸ்ட் சென்சரை டர்பைனுக்கு (எக்ஸாஸ்ட் வாயு சுற்றிவிடும் டர்போ சக்கரம்) முன்னால், மேனிஃபோல்டின் கிளைகள் ஒன்றுசேரும் இடத்தில் வையுங்கள். டர்பைனுக்குப் பின்னால் வைத்தால் குறைவாகக் காட்டும். எவ்வளவு குறைவு என்பது லோடைப் பொறுத்து மாறுவதால், இத்தனை டிகிரி கூட்டிக்கொள்ளலாம் என்று ஒரு கணக்கும் வைக்க முடியாது.

மணிக்கணக்கில் ஓடும் எஞ்சினுக்கு நான் வைக்கும் வரம்பு டர்பைனுக்கு முன் 700 டிகிரி செல்சியஸ். 750-ஐ ஒரு நேர்ப்பாதையின் கடைசியில் தொட்டு இறங்கலாம், அங்கேயே நிற்கக் கூடாது. ஆயில் 120-க்குள் இருப்பது நல்லது, 130 தாண்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

கோளாறு வந்தால் அது எப்போது வந்தது என்பதை முதலில் எழுதுங்கள். குளிர்ந்த எஞ்சினா, சூடான எஞ்சினா? ஐடிலிலா, முழு லோடிலா? வளைவிலா, நேர்ப்பாதையிலா? பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

செல்ஃப் அடித்தால் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

சைலன்சரில் புகை வருகிறதா என்று பாருங்கள்.

புகையே இல்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. பம்ப்பின் ஸ்டாப் சோலினாய்டுக்குக் கரண்ட் வருகிறதா, சாவி போட்டதும் டிக் என்று சத்தம் வருகிறதா என்று பாருங்கள். அது சரி என்றால் அடுத்தது ஏர். டேங்கிலிருந்து பம்ப்புக்கு வரும் குழாயில் ஒரு துண்டு, உள்ளே தெரிகிற ஹோஸைப் போட்டுவிட்டால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். பழைய ரப்பர் ஹோஸ் உறிஞ்சும் பக்கத்தில் வெடித்திருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். வெளியே ஈரம் இல்லையே என்று அதை விட்டுவிடக் கூடாது. எஞ்சினைக் கட்டும்போதே டீசல் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது நல்லது.

வெண்புகை வருகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் டீசல் போகிறது, சூடு இல்லை. ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன், டைமிங் (பம்ப் டீசலைப் பீய்ச்சும் நேரம்) என்ற வரிசையில் பாருங்கள். ஹீட்டர் பிளக்கை ஒவ்வொன்றாகத் தனியே சோதிக்க வேண்டும். எல்லாவற்றையும் இணைக்கும் பட்டையோடு வைத்து அளந்தால் செத்த பிளக் தெரியாது.

கம்ப்ரஷனுக்கு டீசல் கேஜ்தான் தேவை. நல்ல நிலையில் உள்ள ப்ரீசேம்பர் எஞ்சின் மாடலைப் பொறுத்து 25 முதல் 34 பார் வரை காட்டும். அந்த எண்ணை விட சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம்தான் முக்கியம். 4, 5 பாருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் குறைவு என்றால் நடுவில் ஹெட் கேஸ்கெட். ஒன்று மட்டும் குறைவு என்றால் வால்வ் கிளியரன்ஸை முதலில் அளந்து பாருங்கள். எல்லாமே ஒரே மாதிரி குறைவு என்றால் கேம் டைமிங் ஒரு பல் தள்ளியிருக்கலாம், அல்லது கேஸ்கெட் தடிமன் தவறு. புதிதாகக் கட்டிய எஞ்சினில் ரிங் உட்காரும் வரை கொஞ்சம் குறைவாகக் காட்டுவது சகஜம்.

கேஸ்கெட் தடிமனைப் பற்றி ஒரு வார்த்தை. பிஸ்டன் பிளாக்கின் மேல்தளத்தைத் தாண்டி எவ்வளவு வெளியே வருகிறது என்று டயல் கேஜில் அளந்து, மேனுவல் சொல்லும் கேஸ்கெட்டை ஓரத்து வெட்டு அடையாளத்தைப் பார்த்து எடுக்க வேண்டும். டர்போ போடுகிறோமே, கம்ப்ரஷனைக் குறைக்கத் தடித்த கேஸ்கெட் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம் என்பதே என் பதில். ஓஎம்617 டர்போ எஞ்சினே 21-க்கு 1 அளவுக் கம்ப்ரஷனில்தான் வந்தது. ப்ரீசேம்பர் எஞ்சினில் அதைக் குறைத்தால் குளிரில் ஸ்டார்ட் ஆவதும் கெடும், வெண்புகையும் கூடும். டர்போவுக்கு வேண்டியது வேறு: பிஸ்டனுக்கு அடியில் ஆயில் பீய்ச்சும் ஜெட், நல்ல எக்ஸாஸ்ட் வால்வ், பெரிய ஆயில் கூலர். உங்கள் எஞ்சினுக்கு டர்போவோடு வந்த ஒரு சகோதர மாடல் இருந்தால் அதன் பிஸ்டன், வால்வ், ஆயில் பம்ப், டீசல் பம்ப் எல்லாவற்றையும் தேடி எடுங்கள். கம்பெனி செய்து பார்த்த சோதனைகள் எல்லாம் அந்தப் பாகங்களுக்குள்ளேயே இருக்கின்றன.

ஸ்டார்ட் ஆன பிறகும் வெண்புகை நிற்கவில்லை

வாசனை பாருங்கள். கண்ணை எரித்தால் எரியாத டீசல். இனிப்பான வாசனையோடு ஈரமாக வந்தால் கூலன்ட், நேரே ஹெட் கேஸ்கெட் பகுதிக்குப் போங்கள்.

டீசல் என்றால், ஐடிலில் ஒவ்வொரு இன்ஜெக்டர் குழாயின் நட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக லேசாகத் தளர்த்துங்கள். எதைத் தளர்த்தும்போது எஞ்சின் சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, நட்டைத் துணியால் சுற்றியபடி செய்யுங்கள். இன்ஜெக்டர் பிரஷரில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விபத்து அது.

எல்லாச் சிலிண்டரும் ஒரே மாதிரி புகைத்தால் பம்ப் டைமிங் பின்தங்கியிருக்கிறது.

கரும்புகை

டீசல் இருக்கிற அளவுக்குக் காற்று இல்லை. கரும்புகை வந்தால் பவர் வருகிறது என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. நீண்ட நேரப் பந்தயத்தில் அந்தப் புகை வீணான டீசல், கூடுதல் சூடு, இன்னொரு பிட் ஸ்டாப். முழு லோடில் லேசான மங்கல் போதும்.

எப்போது புகைக்கிறது என்பதை வைத்துப் பிரிப்போம்.

வளைவிலிருந்து வெளியே வரும்போது மட்டும் புகைத்து, பூஸ்ட் ஏறியதும் தெளிந்துவிட்டால் பம்ப்பின் ஆரம்ப டீசல் அளவு அதிகம். டர்போ மாடலுக்கு வந்த பாஷ் விஈ பம்ப்பின் தலையில் ஒரு டயாஃப்ரம் இருக்கும். பூஸ்ட் ஏற ஏற அது ஒரு கூம்பு முள்ளைக் கீழே தள்ளும், அதற்கேற்ப டீசல் கூடும். பூஸ்ட் இல்லாதபோது எவ்வளவு டீசல், எவ்வளவு வேகமாகக் கூட வேண்டும் என்பதை அந்த முள்ளின் ஆரம்ப நிலையும், ஸ்பிரிங் இறுக்கமும், முள் திரும்பியிருக்கும் பக்கமும் தீர்மானிக்கின்றன. புகையை இங்கே சரி செய்ய வேண்டும், டீசலின் உச்ச அளவை வைக்கும் முழு லோடு ஸ்குருவில் அல்ல.

டர்போ இல்லாத மாடலின் பம்ப்பில் இந்த டயாஃப்ரம் இருக்காது. அதையே வைத்துக்கொண்டு ஸ்குருவைத் திருகி டீசலைக் கூட்டினால் எஞ்சின் ஓடும், ஆனால் பூஸ்ட் இல்லாத நேரத்திலும் அதே டீசல் போகும். இன்னும் மோசமான ஆபத்து, ஓட்டத்தின் நடுவே பூஸ்ட் ஹோஸ் கழன்றால் வருவது. டயாஃப்ரம் உள்ள பம்ப் தானே டீசலைக் குறைத்துக்கொள்ளும். இல்லாத பம்ப் முழு டீசலையும் தள்ளிக்கொண்டே இருக்கும், பிட்டுக்கு வருவதற்குள் எக்ஸாஸ்ட் சூடு எங்கேயோ போய்விடும். செலவைப் பார்த்துத் தயங்குகிறவர்களிடம் நான் சொல்வது இது: டர்போவைக்கூட ஒரு படி சிறியதாக வாங்குங்கள், பம்ப்பை மட்டும் டர்போ மாடலுடையதாகப் போடுங்கள்.

எல்லா ஆர்பிஎம்மிலும் புகைக்கிறது, பூஸ்ட் மீட்டரும் வழக்கத்தைவிடக் குறைவு என்றால் காற்று எங்கோ போகிறது. டர்போவின் வாயை மூடி, ரெகுலேட்டர் வைத்து 1 பார் காற்றைக் கொடுத்து, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீர் தடவுங்கள். இன்டேக் வால்வ் திறந்திருக்கும் சிலிண்டர் வழியே கிரான்க்கேஸுக்குள் (பிஸ்டனுக்குக் கீழே கிரான்க் சுற்றும் அறை) கொஞ்சம் காற்று கசிவது இயல்பு, அதனால் ஆயில் மூடியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கசிவு பெரும்பாலும் இன்டர்கூலர் மூலையிலோ, கிளாம்ப் வளைந்த இடத்திலோ இருக்கும். ஆயில் படிந்த ஹோஸ் 1 பாரிலேயே வழுக்கிக் கழலும். குழாய் முனையில் விளிம்பு உருட்டியிருந்தால்தான் நிற்கும்.

பூஸ்ட் மீட்டர் சரியாகக் காட்டியும் புகைக்கிறது என்றால் இன்டர்கூலரைப் பாருங்கள். 1 பார் பூஸ்டில் டர்போவை விட்டு வெளியே வரும் காற்று 100 டிகிரியைத் தாண்டும். சூடான காற்றில் அதே பிரஷரில் ஆக்சிஜன் குறைவு. பிரஷர் மட்டும் பார்த்து ஏமாறுவது இங்கேதான்.

ஏர் ஃபில்டரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1952 இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் கம்மின்ஸ் டீசல் கார் தகுதிச் சுற்றில் எல்லாரையும் முந்தி முதலிடத்தில் நின்றது. அந்தப் பந்தயத்தில் ஓடிய முதல் டர்போ காரும் அதுதான். 71 சுற்றோடு அது நின்றதற்குக் காரணம், பாதையில் கிடந்த ரப்பர் துகள்களும் குப்பையும் டர்போவின் காற்று வழியை அடைத்ததுதான். காற்று எடுக்கும் வாயைத் தரையை விட்டு உயரத்தில் வையுங்கள். டிரைவர் மாறும் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஃபில்டரைக் கண்ணால் பார்க்க ஒரு ஆள் ஒதுக்குங்கள்.

பூஸ்டும் காற்றுச் சூடும் ஒழுங்கு, கொத்துக் கொத்தாகப் புகை வருகிறது என்றால் ஒரு இன்ஜெக்டர் ஒழுகுகிறது. எல்லாவற்றையும் டெஸ்டரில் வைத்துத் திறக்கும் பிரஷரைச் சமமாக்குங்கள். ப்ரீசேம்பர் எஞ்சின்களில் இது மாடலைப் பொறுத்து 115 முதல் 160 பார் வரை இருக்கும், டர்போ மாடல்களுக்குக் கொஞ்சம் கூடுதல்.

இத்தனையும் பார்த்த பிறகுதான் முழு லோடு ஸ்குருவைத் தொட வேண்டும். அதுவும் ஒரு தடவைக்கு கால் சுற்றுக்குள். அதைத் திருகினால் ஐடிலும் சேர்ந்து மாறும். மிக அதிகமாக உள்ளே போனால் எஞ்சின் ஐடிலுக்கே இறங்காது.

எக்ஸாஸ்ட் சூடு மெல்ல ஏறுகிறது

ஆரம்பத்தில் 650-ல் நின்ற முள் சில மணி நேரம் கழித்து அதே நேர்ப்பாதையில் 720 காட்டுகிறது. யாரும் ஸ்குருவைத் தொடவில்லை. இந்தக் கோளாறைத்தான் நான் எல்லாவற்றையும் விடக் கவனமாகப் பார்ப்பேன். எஞ்சின் நன்றாகவே இழுக்கும், சத்தமும் மாறாது, உள்ளே பிஸ்டனும் ப்ரீசேம்பரும் வெந்துகொண்டிருக்கும்.

பூஸ்ட் எண்ணோடு சேர்த்துப் பாருங்கள். பூஸ்டும் குறைந்திருந்தால் கசிவு, ஃபில்டர் அடைப்பு, வேஸ்ட்கேட் (பூஸ்ட் அளவு மீறாமல் எக்ஸாஸ்ட் வாயுவைத் திருப்பிவிடும் கதவு) முழுவதும் மூடாமல் நிற்பது, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசல் இவற்றில் ஒன்று. மேனிஃபோல்ட் விரிசல் என்றால் அதன் ஓரத்தில் கரி படிந்திருக்கும்.

பூஸ்ட் மாறவில்லை என்றால் இன்டர்கூலரின் முகத்தில் புல்லும் ரப்பரும் அப்பியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான். அடுத்தது சைலன்சர் பக்க அடைப்பு. கடைசியாகப் பம்ப் டைமிங். பம்ப்பைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்து பம்ப் கொஞ்சம் திரும்பினாலே எரிதல் தாமதமாகி, சக்தியாக வேண்டியது சூடாக எக்ஸாஸ்டில் போகும். கட்டும்போதே பம்ப்பிலும் பிளாக்கிலும் சேர்த்து ஒரு கோடு கீறி வைத்தால் பிட்டில் டார்ச் அடித்துப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பெல்ட் பல் தாவியதா என்பதற்கும் அடையாளம் போட்டு வையுங்கள்.

எதிலும் தவறு தெரியவில்லை, சூடு மட்டும் நிற்கவில்லை என்றால் பெடலுக்குக் கீழே உள்ள ஸ்டாப்பர் போல்ட்டை ஒரு சுற்று உயர்த்துங்கள். பெடல் முழுவதும் இறங்காது, டீசல் குறையும், சூடு இறங்கும். பந்தயப் பாதையில் ஒரு சுற்றுக்கு ஒன்றிரண்டு விநாடி போகும், எஞ்சின் பிழைக்கும். டிரைவரிடமும் சொல்லுங்கள்: குறைந்த ஆர்பிஎம்மில் பெரிய கியரில் பெடலை முழுக்க மிதிக்க வேண்டாம். டர்போ சுற்றாத இடத்தில் டீசலைக் கொட்டுவது அது.

கூலன்ட் சூடாகிறது, குறைகிறது

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள் மேல் ரேடியேட்டர் ஹோஸ் கல்லாக இறுகினால் எரியும் வாயு கூலன்ட்டுக்குள் போகிறது. வாயுவைக் காட்டும் நீல நிற டெஸ்ட் திரவம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறினால் சந்தேகமே வேண்டாம், ஹெட்டைத் தூக்க வேண்டும்.

தூக்கிய பிறகு புதுக் கேஸ்கெட்டைப் போட்டு மூடிவிடாதீர்கள். ஏன் போனது என்று பாருங்கள். ஹெட்டும் பிளாக்கும் மட்டமா? நீட்சி வகை போல்ட்டை இரண்டாம் முறை போட்டார்களா? வால்வுகளுக்கு நடுவே விரிசல் உண்டா? ப்ரீசேம்பர் தளத்தோடு சமமாக உட்கார்ந்திருக்கிறதா? சில டீசல் ஹெட்களை ஃபேசிங் (தளத்தைச் சீவி மட்டமாக்குவது) செய்யவே கூடாது என்று மேனுவல் சொல்லும், அதை மதியுங்கள். டைமிங் மிக முன்னால் இருந்தாலும் சிலிண்டர் பிரஷர் ஏறி கேஸ்கெட் போகும். தொழிற்சாலையிலிருந்து டர்போவோடு வந்த பழைய ப்ரீசேம்பர் எஞ்சின்கள் 0.7, 0.8 பார் பூஸ்டில் ஓடின. இன்டர்கூலரும் நல்ல ஸ்டட்களும் வைத்து 1 பார் வரை போகலாம், மணிக்கணக்கில் ஓட அதற்கு மேல் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஹோஸ் இறுகவில்லை, முழு லோடில் மட்டும் சூடு ஏறுகிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பு, அல்லது ரேடியேட்டரைச் சுற்றிக் காற்று தப்பித்துப் போகிறது. இன்டர்கூலரை முன்னால் மாட்டிவிட்டு பக்கங்களை அடைக்காமல் விட்டவர்களுக்கு இது வரும்.

ஆயில் பிரஷர் விழுகிறது

நீண்ட வளைவில் மட்டும் விழுந்தால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, அதை உறிஞ்சும் பிக்கப் குழாய் காற்றை உறிஞ்சுகிறது. சம்ப்பில் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) தடுப்புத் தகடு வேண்டும். சூடானதும் எல்லா இடத்திலும் விழுந்தால் முதலில் ஆயில் வெப்பநிலையைப் பாருங்கள், பிறகு பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். சூடான எஞ்சினில் 1000 ஆர்பிஎம்முக்கு 0.7 பார் என்ற பழைய கணக்கு இன்றும் உதவும்.

டிப்ஸ்டிக்கில் அளவு கூடியிருந்தால் அது நல்ல செய்தி அல்ல. ஆயிலில் டீசல் கலக்கிறது: ஒழுகும் இன்ஜெக்டர் அல்லது பம்ப் சீல். வண்டியை ஓட்டாதீர்கள். ஆயில் மெலிந்து பேரிங் போவது ஒரு பக்கம், அந்த ஆயில் இன்டேக்குக்குப் போனால் அடுத்த பகுதியில் சொல்லும் ஆபத்து.

நீலப்புகை, எஞ்சின் தானாக ரேஸ் ஆவது

நீலப்புகை வந்ததும் டர்போ சீலைக் குறை சொல்கிறார்கள். பல நேரம் சீல் நன்றாக இருக்கும், ஆயில் கீழே இறங்க வழிதான் இருக்காது. டர்போவின் ஆயில் டிரெய்ன் குழாய் உள்விட்டம் 16 மி.மீ.க்குக் குறையாமல், எங்கும் மேலேறாமல், சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். அடுத்தது கிரான்க்கேஸ் காற்று. அந்தக் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாய் அடைத்தாலோ ரிங் தேய்ந்தாலோ உள்ளே பிரஷர் ஏறி டிரெய்னைத் தடுக்கும். பிரீதரை இன்டேக்கில் சேர்க்காமல், ஆயிலைப் பிடித்துவைக்கும் தனி கேட்ச் டேங்குக்குக் கொண்டுபோங்கள்.

டீசல் எஞ்சின் தன் ஆயிலையே எரித்து ஓட ஆரம்பித்தால் சாவியை அணைத்தாலும் நிற்காது. டிரைவர் பெரிய கியரைப் போட்டு, பிரேக்கை முழுவதும் அழுத்தி, கிளச்சை விட வேண்டும். பிட்டில் என்றால் இன்டேக் வாயைத் தட்டையான பலகையால் அடையுங்கள், அல்லது கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானை அதற்குள் அடியுங்கள். கையாலோ துணியாலோ மூடவே கூடாது, உள்ளே இழுத்துவிடும். கேபிளில் இழுத்து மூடும் ஏர் ஷட்டர் ஒன்றை இன்டேக்கில் போடாமல் டர்போ டீசலைப் பந்தயத்துக்கு அனுப்புவது எனக்குச் சம்மதமில்லை.

ஓட ஓட இழுவை குறைகிறது

புகையும் இல்லை, சூடும் ஏறவில்லை, ஆனால் வண்டி இழுக்கவில்லை. இது டீசல் பற்றாக்குறை. டேங்க் மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் வென்ட் அடைத்திருக்கிறது. அது சரி என்றால் ஃபில்டரை மாற்றுங்கள். மூன்றாவது காரணம் பலருக்குத் தோன்றாது: டீசலின் சூடு. பம்ப்பும் இன்ஜெக்டரும் திருப்பி அனுப்பும் சூடான டீசல் டேங்கைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும், டேங்க் காலியாக ஆக இன்னும் வேகமாக. 10 டிகிரி கூடினால் அதே கொள்ளளவில் டீசலின் எடை ஏறக்குறைய 0.8 சதவீதம் குறையும், அதோடு மெலிந்த டீசல் பம்ப்புக்குள் கசிந்தும் போகும். திரும்பும் குழாயில் ஒரு சிறிய கூலர் வைத்தால் தீரும். விஈ பம்ப்புக்கு டீசல்தான் லூப்ரிகேஷன் என்பதால் இது பம்ப்பின் ஆயுளுக்கும் நல்லது.

வளைவில் மட்டும் வெட்டினால் டேங்க்கில் டீசல் ஒதுங்குகிறது. பம்ப்புக்கு முன்னால் எப்போதும் நிறைந்தே இருக்கும் சிறிய சர்ஜ் டேங்க் போடுங்கள்.

டர்போவில் சத்தம்

பெடலை விடும்போது படபடவென்று அடித்தால் கம்ப்ரஸர் சர்ஜ் (அழுத்திய காற்று டர்போவுக்கே திரும்பி அடிப்பது), டர்போ அளவு பொருந்தவில்லை. விசில் திடீரென்று கூர்மையானால் கசிவு. எஞ்சின் ஆறிய பிறகு ஷாஃப்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது ஆடலாம், முன்பின்னாக ஆடுவது தெரியக் கூடாது, இறக்கை டர்போ கூட்டின் உட்சுவரை உரசியிருக்கவே கூடாது.

பிட்டுக்கு வரும் சுற்றை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். விதி அனுமதித்தால் நின்ற பிறகும் ஐடிலில் விடுங்கள். சிவக்கச் சூடான டர்போவை அப்படியே அணைத்தால் பேரிங்கில் நிற்கும் ஆயில் கரியாகிவிடும்.

தட்டும் சத்தம்

இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தும் சோதனையை இங்கேயும் செய்யுங்கள். ஒரு சிலிண்டரைத் தளர்த்தியதும் கூர்மையான தட்டல் சுத்தமாக நின்றால் இன்ஜெக்டர் சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். எல்லாச் சிலிண்டரும் சேர்ந்து கடகடத்தால் டைமிங் மிக முன்னால். தளர்த்தியதும் கனமான தட்டல் குறைகிறது, ஆனால் போகவில்லை, ஆயில் பிரஷரும் தாழ்ந்திருக்கிறது என்றால் பிக் எண்ட் பேரிங் (கனெக்டிங் ராடு கிரான்க்கில் சேரும் இடத்து பேரிங்). ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்து, வெளிச்சத்தில் பாருங்கள். கரித்தூள் சகஜம். பளபளக்கும் செதில்கள், அதிலும் செம்பு நிறத்தில் கிடந்தால், எஞ்சினை இன்னொரு தடவை ஸ்டார்ட் செய்யாமல் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கிரான்க்கையாவது காப்பாற்றலாம்.